தலை நிறைய அடைத்த மாம்பழ டப்பா

என் பேச்சு எங்கே நீண்டுவிடுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் விழாத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சத்தியமூர்த்தி ஐயா அவர்களே! எங்கள் கம்பெனியின் சரிபாதிப் பங்காளி, என் துணிச்சலிலும் சரிபாதிக்குச் சொந்தக்காரி கிருத்திகா அவர்களே! சிங்கம்புணரியிலிருந்து சிந்தாமல் சிதறாமல் மாம்பழம் கொண்டுவந்து சேர்க்கும் வியாபாரப் பெருமக்களே! அரியக்குடியிலிருந்தும் இளையாத்தங்குடியிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, முன்வரிசை நாற்காலிகளை முந்திக்கொண்ட தாய்மார்களே! பழம் நறுக்கி நறுக்கி விரல் மஞ்சளாகிப்போன என் தொழிலாளத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் மீரான் சாகிபுவின் பேத்தி ஃபாயிஸாவின் அன்பான ஸலாம், மனமார்ந்த வணக்கம்!

எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டோம், பாட்டுப் போட்டோம். ஆனால் உங்கள் மனத்தில் ஓடுவது என்ன? மும்பைக்காரர்களின் பெரிய ஆர்டரை ஒப்புக்கொண்டார்களா, இந்த ஆண்டு நமக்கு வேலை உண்டா? அதுதானே? பதில் சொல்லாமல் இறங்கமாட்டேன். அதற்கு முன் ஒரு கதை. யாரது, சுருக்கச் சொல்வது? சின்னக்கருப்பு அண்ணனா? பிரியாணி தம்மில் இருக்கிறது அண்ணே, ஆறாது, உட்காருங்கள்!

பினாங்கில் அன்னாசிப் பழத்தை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தவர் என் பாட்டனார். ஊர் திரும்பியதும் முருகப்பச் செட்டியாரிடம் போய், “நம்ம மாம்பழத்த அடைச்சா என்ன செட்டியாரே?” என்றார். கிருத்திகாவின் பாட்டனார் அவர். சிரிக்கவில்லை, சந்தேகப்படவில்லை. “அடைப்போம் சாகிபு” என்றார். அவ்வளவுதான்! அன்று எரிந்த அடுப்புதான் இந்தக் கம்பெனி!

முதல் சரக்கு பினாங்குக்கு. அங்கே வாழ்ந்த நம்மூர்க் குடும்பங்களுக்கு. பழம் அடைக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி மீனம்மாள். பாட்டனார் படித்துப் படித்துச் சொன்னார்: “மேல ஒரு விரக்கடை இடம் விடுங்கம்மா. கொதிக்கிறப்ப பழம் பொங்கும், டப்பா தாங்காது.” சரியென்று தலையாட்டினார்கள். அவர் அங்குட்டுத் திரும்பியதும் இங்குட்டுத் தலை நிறைய அமுக்கி அமுக்கி அடைத்தார்கள்!

கப்பலுக்கு ஏற்றும் நாள். சரக்கு அடுக்கிய கிட்டங்கியைத் திறந்தால் டப்பாக்கள் அத்தனையும் வயிறு உப்பி நிற்கின்றன! ஓரங்கள் விட்டு, பாகு கசிந்து, எறும்பு ஊர்கிறது.

நாகப்பட்டினத்தில் கப்பல் காத்திருக்கிறது. செட்டியார் தவித்துப் போனார். “தட்டி அமுக்கி அனுப்பிருவமா சாகிபு? முத சரக்கே போகலைன்னா கம்பெனியே போயிரும்.” பாட்டனார் ஒன்றே ஒன்று கேட்டார்: “அங்க அதத் தெறந்து திங்கப்போறது உங்க அக்கா மக. அனுப்பலாமா?” செட்டியார் வேட்டியை மடித்துக் கட்டி, தோட்டத்தில் முதல் குழியைத் தானே வெட்டினார். டப்பாக்கள் அத்தனையும் மண்ணுக்குள் போயின. அந்தக் குழிதான் நம் கம்பெனியின் அஸ்திவாரம் என்று நான் சொல்வேன், நீங்கள் மறுப்பீர்களா?

பெண்கள் சுவரோரம் நிற்கிறார்கள். வேலை போயிற்று என்றே நினைத்துவிட்டார்கள். “இடம் விடச் சொன்னேனே மீனம்மா, ஏன் விடலை?” என்று கேட்டார் பாட்டனார்.

மீனம்மாள் தலை குனியவில்லை. “கடல் தாண்டி வாக்கப்பட்டுப் போன புள்ளைகளுக்குப் போற பண்டம் மொதலாளி. மகளுக்குக் கொண்டு போற சீர்ப்பானைய எந்தத் தாயாச்சும் தலை கொறைச்சு வைப்பாளா? நீக வச்சிருவீகளா?”

தாய்மார்களே! இதற்கு எந்தப் பொறியாளர் பதில் சொல்வார்? எந்தப் புத்தகம் பதில் சொல்லும்?

என் பாட்டனார் வாதாடவில்லை. ஒரு வாரம் கழித்துப் புது டப்பா செய்து வந்தார். வாயிலிருந்து ஒரு விரக்கடை கீழே, உட்புறம் சுற்றிலும் கோடுபோல ஒரு வரை அழுத்தியிருந்தது. “மீனம்மா, இதுதான் டப்பாவுக்குத் தலை. மேல உள்ளது மூடி உக்கார்ற இடம்.” மீனம்மாள் விரலால் தடவிப் பார்த்தார். “இத அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா குழி வெட்டுற வேலை மிச்சம்!” என்றவர் திரும்பி, “வரை வரைக்கும் தலை நிறைய அடைங்கடி!” என்றார். அடுத்த கப்பலில் போன டப்பா ஒன்றுகூட உப்பவில்லை!

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மும்பைக்காரர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? பழத்தைப் பாதியாக்கு, பாகால் நிரப்பு, மேலே உன் பேரைப் போடு! நானும் கிருத்திகாவும் இன்று காலையில் ஒரே குரலில் சொல்லிவிட்டோம்: முடியாது!

என்ன, கைதட்டல் மெலிகிறது? பயமா? எனக்கும் நேற்று வரை இருந்தது. பெரிய ஆர்டர் போனால் போகட்டும்! நாங்கள் இருவரும் பெட்டி தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கடை கடையாக ஏறுவோம், சின்னச் சின்ன ஆர்டராகச் சேர்ப்போம். உங்களில் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டோம். இது வாக்கு! பழம் குறைந்த டப்பாவில் நம் பேர் ஏறாது, ஏறாது, ஏறவே ஏறாது!

யாரோ எழுந்து நிற்கிறீகளே, சொல்லுங்க ஆத்தா. “நாளைக்கு வேலைக்கு வரவா வேணாமா, அத மட்டும் சொல்லு தாயி”ங்கிறீகளா?

வாங்க ஆத்தா! காலையில் சங்கு ஊதும், கொதிகலன் காய்ந்திருக்கும், மாம்பழ லாரி வாசலில் நிற்கும். இன்று வந்திருக்கும் அனைவருக்கும் நன்றி. நாளை வரப்போகும் அத்தனை பேருக்கும் இப்போதே என் வணக்கம்!