நூத்தி இருபத்தஞ்சு சிசி

பெட்ரோல் போடப் போனாக்கூட விடமாட்டேங்கறானுங்க தம்பி! நேத்து பாருங்க, பம்ப் முன்னாடி நிக்கறேன். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன், தாடி, தோல் ஜாக்கெட்டு, பின்னாலேருந்து வந்து தோள்ல தட்டறான். "பேத்தி வண்டியாண்ணே?"ங்கறான். பேத்தியாம்! எனக்குப் பேத்தியே கிடையாது! நார்வே மொத்தமும் என் பைக்கப் பத்திக் கருத்துச் சொல்லக் காத்துக்கிட்டிருக்கு... உக்காருங்க, உக்காருங்க, அந்த சீட்டு யாருக்கும் இல்ல. காபிய இப்படி உள்ள தள்ளி வைங்க, கப்பல் திரும்பறப்ப ஆடும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், பைக்கு. கீழ கார் தட்டுல, முன்னாடி, சிவப்பா ஒண்ணு கயிறு கட்டி நிக்குதே, பாத்தீங்களா? அது என்னோடதுதான். சிரிக்காதீங்க! சரி சிரிங்க, பரவால்ல, நானே சிரிக்கறேன். ஆறடி நாலு அங்குலம், நூத்திப் பதினெட்டு கிலோ, மலையக் குடைஞ்சு ரோடு போடற வேலையில முப்பத்தஞ்சு வருஷம் வெடி வெச்ச ஆளு நான். அதுல உக்காந்தா முட்டி ரெண்டும் காதுகிட்ட வந்துடுது. எதிர்ல நின்னு பாத்தா வண்டியே தெரியலியாம். கரடி ஒண்ணு அந்தரத்துல உக்காந்து பறந்து வர்ற மாதிரி இருக்காம். என் சம்சாரம் சொன்னா.

இதுக்கு முன்னாடி என்ன வெச்சிருந்தேன் தெரியுமா? ஆயிரத்தி எண்ணூறு சிசி! நானூறு கிலோ! ரேடியோ, சூடாகற சீட்டு, ரிவர்ஸ் கியரு... பைக்குக்கு ரிவர்ஸ் கியர் தம்பி! எங்க வீட்டு சோபா அதவிடச் சின்னது. பதினாலு வருஷம் ஓட்டினேன். ஹால்வார்ங்கறது என் பேரு; "வண்டின்னா ஹால்வார் வண்டி"ன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் தலையாட்டினேன். உனக்கு அது பிடிச்சுதாடான்னு ஒருத்தன் கேக்கல. நானே கேட்டுக்கல! எங்க நிறுத்தினாலும் தரை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துப் பாத்தே பாதி உயிர் போயிடும். ஒரு தடவை இதே கப்பல்ல, இறங்கற பலகை ஈரமா இருந்துச்சு, கால் வழுக்கிச்சு... மெதுவா, ரொம்ப மரியாதையா, மாடு படுக்கற மாதிரி படுத்துடுச்சு. தூக்க ஏழு பேரு! பின்னால லாரிக்காரன் ஹாரன அமுக்கிட்டே இருக்கான். அன்னைக்கும் வீட்டுக்குப் போயி "அருமையான ரைடு"ன்னுதான் சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன ஏப்ரல்ல என் மச்சினி ரக்னா இந்த சிவப்பக் கொண்டாந்து விட்டா. "கார்புரேட்டர் அடைச்சிருக்கு அத்தான், கொஞ்சம் பாருங்க"ன்னா. சுத்தம் பண்ணினேன். ஓடுதான்னு பாக்கணுமில்ல? தபால் பெட்டி வரைக்கும் போயிட்டு வரலாம்னு வீட்டுச் செருப்போட கிளம்பினேன். தபால் பெட்டி வந்துச்சு... போச்சு. சர்ச் வந்துச்சு, அதுவும் போச்சு! மலைமேல வளைஞ்சு வளைஞ்சு ஏறுமே ஒரு ரோடு, பெரிய வண்டியில நான் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கமாட்டேன். இது? திரும்பணும்னு நினைச்சாலே திரும்பிடுது! அந்த ஏத்தத்துல எவ்வளவு முறுக்கினாலும் எழுவதத் தாண்டல, ஆனா எழுவதுலயே உலகம் பிச்சுக்கிட்டுப் போகுது. ஹெல்மெட்டுக்குள்ள ஹோஹோன்னு சிரிக்கறேன். வாயில ஒரு பூச்சி போயிடுச்சு. முழுங்கிட்டு மறுபடி சிரிக்கறேன்! உச்சியில பனி இன்னும் கிடந்துச்சு, செருப்புக் காலோட அதுல இறங்கி நின்னேன். வீடு திரும்ப நாலு மணி நேரம். சம்சாரம் போலீசுக்குப் போன் பண்ணப் போயிட்டா. என் மூஞ்சியப் பாத்துட்டு, "குடிச்சியா?"ங்கறா. "இல்லடி, பைக் ஓட்டினேன்"னேன்.

மறுவாரமே பெரிசை வித்துட்டேன், இத ரக்னாகிட்டேருந்து வாங்கிட்டேன். ஆரம்பிச்சுது வினை! எங்க பைக் கிளப்புல என்னைச் சேத்துப் பத்துப் பேரு. தலைவரு ஐவின். "என்ன ஹால்வார், தையல் மெஷின்ல வந்திருக்க? என் பேன்ட் கிழிஞ்சிருக்கு, ஒரு தையல் போட்டுக் குடு"ங்கறான். இன்னொருத்தன், "பழைய வண்டிய வெந்நீர்ல தொவைச்சுட்டியா, இப்படிச் சுருங்கிடுச்சு?"ங்கறான். அதெல்லாம் போகட்டும். இன்னைக்கு நடுக்கோடை ரைடு. வருஷத்துல அந்த ஒரு நாளுக்காகத்தான் கிளப்பே. காலையில எட்டு மணிக்குப் போயி வரிசையில நிக்கறேன். ஐவின் ஒரு நோட்டோட வர்றான். "மன்னிச்சுக்கப்பா. நாலாவது விதி. அறுநூறு சிசிக்குக் கீழ இருந்தா நடுக்கோடை ரைடுல இடமில்ல"ன்னு வாசிக்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம்! "எந்த மடையன்டா இத எழுதினது? அவன் பைக் ஓட்டறவனா, இல்ல எடை போட்டு விக்கறவனா?"ன்னு கத்தறேன். ஐவின் நோட்டை என் பக்கம் திருப்பினான்.

என் கையெழுத்து, தம்பி.

ஆமா... நான்தான். ஒன்பது வருஷம் முன்னாடி. மறந்துட்டேன்னு சொல்லலாம், ஆனா மறக்கல. நினைக்காம இருந்தேன், அவ்வளவுதான். போர்கில்னு ஒரு அம்மா, எங்க ஊர்ல தபால் குடுத்தவங்க. நீலமா ஒரு இருநூத்தம்பது சிசி வண்டியில முதல் தடவையா கிளப்புக்கு வந்தாங்க. எல்லாருக்கும் லவங்கப்பட்டை போட்ட பன்னு சுட்டு எடுத்துட்டு வந்திருந்தாங்க. வண்டிய ஒத்தைக் கையால தள்ளி நிறுத்தினாங்க தம்பி, ஒத்தைக் கையால! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் சோபா மேல உக்காந்துக்கிட்டு, எல்லார் முன்னாடியும், "இது தபால் போடற வண்டிம்மா, பைக் வாங்கிட்டு வாங்க"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மாவும் சிரிச்சாங்க. பன்ன வெச்சுட்டுப் போயிட்டாங்க. நாங்க அந்தப் பன்னத் தின்னோம். தின்னுட்டுத்தான் நான் விதி எழுதினேன். அப்புறம் அவங்க வரவேயில்ல, அக்கரைக்குக் குடி போயிட்டாங்க.

இன்னைக்கு எல்லாரும் கிளம்பிப் போனப்புறம், நின்ன இடத்துலயே அந்தம்மா நம்பரத் தேடிப் போன் போட்டேன். "நான் ஹால்வார்"னேன். ஒண்ணு விடாம ஒப்பிச்சேன், தையல் மெஷின், செருப்பு, பூச்சி... அந்தப் பன்னு. மன்னிப்பும் கேட்டேன். அப்புறம் மெதுவா, "எத்தனை சிசி?"ன்னாங்க. சொன்னேன். சிரிச்சாங்க பாருங்க தம்பி, மூச்சு முட்டச் சிரிச்சாங்க! "என்னோடதுல பாதி! பத்தரைக் கப்பலப் பிடிச்சு வா. நான் போற ரோட்டுல பின்னாலயே வரணும், வாயத் தொறக்கக் கூடாது"ன்னாங்க. வாயத் தொறக்கக் கூடாதாம்! என்னால முடியுமா, நீங்களே சொல்லுங்க...

ஐயோ, மணி அடிச்சுட்டான்! பைக்குங்கதான் முதல்ல இறங்கணும். நான் வர்றேன் தம்பி... அங்க பாருங்க, துறையில! நீல வண்டி! அதேதான்! ஹெல்மெட்டெல்லாம் மாட்டிக்கிட்டு தயாரா உக்காந்திருக்காங்க... என்னைப் பாத்துட்டாங்க, கை காட்டறாங்க... ஏ, ஏ, கிளம்பறாங்களே! போர்கில்! நில்லுங்க போர்கில், நான் இன்னும் கயிறே அவுக்கல!