பதிவேட்டில் ஒரு சிவப்பு வரி

தம்பி: ...அதான் சொல்றேன், அந்த ஆபீஸ் கணக்குப்படி நான் செத்துப்போயிட்டேன்.

அக்கா: வந்ததும் வராததுமா என்னடா பேச்சு இது? உக்காரு. மெஷின் சத்தத்துல பாதி காதுல விழல.

தம்பி: அப்ப கொஞ்ச நேரம் தைக்கறதை நிறுத்து.

அக்கா: சாயங்காலத்துக்குள்ள இருபது யூனிஃபார்ம் போகணும். காலும் கையும்தான் வேலை பாக்குது, காது சும்மாதான் இருக்கு. சொல்லு.

தம்பி: ஆஸ்பத்திரியில லிஃப்ட் மெக்கானிக் வேலை கிடைச்சிருக்குன்னேன்ல...

அக்கா: திங்கக்கிழமை சேரணும்னியே.

தம்பி: சேரணும்னா, நான் நான்தான்னு காட்டணுமாம்.

அக்கா: கார்டு வெச்சிருக்கியே, திருடன் மாதிரி ஒரு போட்டோவோட.

தம்பி: அது பத்தாதாம். பிறப்புப் பதிவு நகல் புதுசா வாங்கிட்டு வான்னுட்டாங்க. பழைய கம்பெனியில பதினெட்டு வருஷம் யாரு கேட்டா? முதலாளி மூஞ்சியப் பாத்தாரு, ஸ்பேனரைக் கையில குடுத்தாரு.

அக்கா: அந்த மகராசன்தான் கம்பெனியையே மூடிட்டாரே.

தம்பி: ம்... காலையில பதிவு ஆபீஸுக்குப் போனேன். கிளார்க்கு பழைய நோட்டை எடுத்துப் புரட்டினாரு. என் பேரு இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துலயே சிவப்பு மையில ஒரு வரி. ஒரு வயசு ஏழு மாசம், காய்ச்சல், மரணம்னு... ஏன் மெஷினை நிறுத்திட்ட?

அக்கா: நூல் அறுந்துபோச்சு.

தம்பி: அறுந்த மாதிரி தெரியலையே.

அக்கா: அது வேற யாராவதா இருக்கும்டா. உன் பேரு தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கு.

தம்பி: அப்பா பேரும் தெருவுக்கு நாலா? அம்மா பேரும்? என் சர்ட்டிபிகேட்டுல இருக்கற வீட்டு நம்பரும்?

அக்கா: அப்ப எழுதினவன் தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பான்.

தம்பி: அக்கா...

அக்கா: என்ன?

தம்பி: அந்தத் துணியைக் கீழ வெச்சிட்டு என்னைப் பாத்துப் பேசு.

அக்கா: பாத்தா மட்டும் என்ன மாறிடப்போகுது...

தம்பி: யாரு அது?

அக்கா: ...தம்பி. எனக்கு முதல் தம்பி. எனக்கு எட்டு வயசுல பொறந்தான். பத்து முடியறதுக்குள்ள போயிட்டான்.

தம்பி: அப்ப நான்?

அக்கா: நீ அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு வந்தே. அம்மா ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை பாத்தாங்கல்ல, அங்க பிரசவத்துல ஒரு பொண்ணு செத்துப்போச்சு. பேரு கூடச் சரியா சொல்லாத பொண்ணு. தேடி ஒருத்தரும் வரல. நர்ஸம்மா உன்னை ஒரு துண்டுல சுத்தி அம்மா கையில குடுத்துட்டாங்க.

தம்பி: எழுத்து, கையெழுத்து ஒண்ணும் இல்லாமலா?

அக்கா: ஒண்ணுமில்ல. அந்த வாரமே வீடு மாத்திட்டோம். ஸ்கூல்ல சேக்கறப்ப சர்ட்டிபிகேட் கேட்டாங்க. பெட்டியில அவனோடது இருந்துச்சு. அப்பா ஒரு வார்த்தை பேசாம எடுத்து நீட்டினாரு.

தம்பி: அப்ப என் வயசும் என்னோடது இல்ல.

அக்கா: ஒண்ணே முக்கால் வருஷம் கொறச்சுக்கோ.

தம்பி: எனக்கு இன்னும் நாப்பதே ஆகலையா?

அக்கா: தலை மட்டும் சர்ட்டிபிகேட்டை நம்பி நரைச்சிருச்சு.

தம்பி: சிரிக்க வைக்காத... அழுகை வருது.

அக்கா: வரட்டும்டா. இங்க யாரு இருக்கா... தண்ணி குடி. இப்ப அந்த கிளார்க்கு என்னதான் சொல்றான்?

தம்பி: நல்ல மனுஷன்தான். ஒரு ஃபாரம் குடுத்திருக்காரு. கூடப்பிறந்தவங்க யாராவது கையெழுத்துப் போட்டா அந்தச் சிவப்பு வரியை அடிச்சிடுவாங்களாம்.

அக்கா: என்னன்னு எழுதியிருக்கு? படி. கண்ணாடி எங்கேயோ கிடக்கு.

தம்பி: ‘மேற்கண்ட மரணப் பதிவு தவறுதலாகச் செய்யப்பட்டது. இவர் என் உடன்பிறந்த தம்பி. இவர் இறக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன்.’

அக்கா: இறக்கவில்லைன்னு நான் எழுதித் தரணுமா?

தம்பி: உண்மையைச் சொன்னா வேற வழியும் இருக்காம். கோர்ட்டு, சாட்சி... ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் என் கையில எந்தப் பேப்பரும் செல்லாது.

அக்கா: ஆஸ்பத்திரியில அத்தனை நாள் காத்திருப்பாங்களா?

தம்பி: திங்கக்கிழமை வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க. நாலு மாசமா வீட்டுல இருக்கேன்கா. ஸ்கூல்ல கேட்டா என் பொண்ணு இன்னும் அப்பா லிஃப்ட் மெக்கானிக்னுதான் சொல்லிட்டிருக்கா.

அக்கா: அவன் போட்டோ ஒண்ணு கூட இல்லடா. சட்டை, சொக்காய் எல்லாம் நீ போட்டுக் கிழிச்சே. பேரையும் உனக்கே குடுத்தாச்சு. அவன்னு ஒருத்தன் இருந்தான்கிறதுக்கு உலகத்துலயே மிச்சம் இருக்கறது அந்தச் சிவப்பு வரிதான்.

தம்பி: அதனாலதான் வாசல்லயே அரை மணி நேரம் நின்னேன். பெல் அடிக்கக் கை வரல.

அக்கா: உனக்கு அவனைப் பத்தி இப்பத்தானே தெரியும்?

தம்பி: இன்னும் கொஞ்சம் தண்ணி குடு.

அக்கா: டேய்.

தம்பி: அம்மா சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, நீ மருந்து வாங்கப் போன நேரத்துல. ஆறு வருஷம் ஆச்சு.

அக்கா: அப்ப இவ்வளவு நேரம் தெரியாத மாதிரி ஏன்டா கேட்டே?

தம்பி: நீயா சொல்லுவேன்னு ஆறு வருஷமா பாத்தேன். தெரிஞ்சிருச்சுன்னா நீ என்னை வேற மாதிரி பாப்பியோன்னு பயம். இந்த ஃபாரம் வேண்டாம், விட்டுடலாம். நான் வேற வேலை தேடிக்கறேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. அம்மாவே சொல்லிட்டாங்க... நீ ஏன் சொல்லவே இல்ல?

அக்கா: உன்னைப் பத்திச் சொன்னா அவனைப் பத்தியும் சொல்லணுமேடா... அன்னைக்கு அவனை என் மடியில போட்டுட்டுத்தான் அம்மா வேலைக்குப் போனாங்க. உடம்பு அனலா கொதிச்சுது. மத்தியானத்துக்கு மேல ஆறிடுச்சு. காய்ச்சல் விட்டுருச்சு, அசந்து தூங்கறான்னு நெனச்சு, அம்மா வர்ற வரைக்கும் தாலாட்டிக்கிட்டே இருந்தேன். அப்பவே யாரையாவது கூப்பிட்டிருந்தா... இதை அம்மாகிட்ட கூட நான் சொன்னதில்ல. அவன் சாகலைன்னு யாராவது எழுத மாட்டாங்களான்னு முப்பத்தொன்பது வருஷமா ஏங்கினவடா நான். பேனாவைக் குடு... எந்த இடத்துல போடணும்னு காட்டு.