பாம்புச் செவி

கிட்ட வந்து உட்காரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை, ஆட்டம் கொடுக்கும். இப்படி என் பக்கத்தில் வா. கையெழுத்துக் கேட்டு வந்திருக்கிறாய், தெரியும். காகிதத்தை மடியிலேயே வைத்துக்கொள், யாரும் பிடுங்கப் போவதில்லை. அதற்கு முன்னால் ஒரு கதை சொல்கிறேன். பதினோரு வருஷமாக யாரிடமும் சொல்லாத கதை. உனக்கென்றுதான் வைத்திருந்தேன் போலிருக்கிறது. தேநீர் ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேள்.

உன் விரல் நுனியெல்லாம் ஊசி குத்தியிருக்கிறது. சட்டைத் தையலகத்தில் பித்தான் துளை போடுகிறேன் என்றாய் அல்லவா. நானும் ஊசி பிடித்தவள்தான். இந்த ஊரில் யார் பதக்கம் வாங்கினாலும் அதற்கு நாடா வெட்டி, மடித்து, கம்பியில் கோத்துத் தைத்துக் கொடுக்கிறவள் நான். நாடாவின் நிறத்தைப் பார்த்தே எந்தச் சண்டை என்று சொல்லிவிடுவேன். தெருவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, பதக்கத்தம்மா என்றால் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். உன்னையும் அப்படித்தானே விட்டார்கள்.

சுவரில் இருக்கிற கண்ணாடிப் பெட்டியைப் பார். முதலாவது என் மாமனாருடையது, ஒரு பாலத்தைத் தனியாளாகக் காத்தார். இரண்டாவது என் வீட்டுக்காரருடையது, தொடையில் குண்டு வாங்கிக்கொண்டு வந்தார். மூன்றாவது என் பெரியவனுடையது, அது மட்டும் வந்தது, அவன் வரவில்லை. நான்காவது சின்னவனுடையது. காவல் நின்ற உன் அண்ணன் கையால் குண்டு பட்டுச் செத்தானே, அவன்தான்.

உயிரோடிருக்கிறவன் தன் பதக்கத்தை இடது மார்பில் குத்திக்கொள்வான். செத்தவனுடையதை வீட்டார் வலது மார்பில் குத்திக்கொள்ளலாம். நினைவு நாள் அணிவகுப்பில் எனக்கு முதல் வரிசையில் நாற்காலி. நான்கையும் வலப்பக்கம் குத்திக்கொண்டு உட்காருவேன். தோளை ஒரு பக்கமாக இழுக்கும். ஆனால் அது ஒரு நல்ல கனம். தளபதியே நின்று எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுத்தான் போவார்.

இந்தப் பெட்டியைச் செய்தபோது பெரியவன் செத்து நான்கு மாதம், சின்னவனுக்கு எட்டு வயது. தச்சர் அளவெடுத்துக்கொண்டே கேட்டார். “மூணு பதக்கத்துக்கு நாலு குழி எதுக்கும்மா? காலியா விட்டா கரப்பான் பூச்சிதான் குடித்தனம் வரும்.” ஆள் வளர்ந்துகொண்டிருக்கிறான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு தட்டு வாங்குவதில்லையா, அந்த மாதிரி.

பெட்டி வந்த வாரமே சின்னவன் அண்ணனுடைய பதக்கத்தை எடுத்துத் தரையில் சுற்றிவிட்டு விளையாடியிருக்கிறான். அவன் அப்பா பார்த்துவிட்டார். ஒரே ஓர் அறை, இடது கன்னத்தில். அவர் முரடர் இல்லை அம்மா, அன்று முழுக்கச் சாப்பிடவே இல்லை. ஆனால் பிள்ளையின் காதில் ரத்தம் வந்தது, பிறகு சீழ் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதும் வருஷத்துக்கு வருஷம் மங்கும் என்று. அந்தச் சீட்டைத் தகரப் பெட்டியில் வைத்தேன். வெளியில் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்குக் கெட்ட பெயர் ஆகிவிடும்.

அவன் கெட்டிக்காரன். வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வான். அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலைக்குப் போனான். இயந்திரம் ஓடுகிற ஓட்டத்தில் அங்கே யாருக்கும் எதுவும் கேட்காது, சைகைதான். “அங்க எல்லாருமே செவிடுதாம்மா, நான் மட்டும் முன்னாடியே பழகிட்டுப் போனவன்” என்பான். சந்தோஷமாகத்தான் இருந்தான். அதை மறைக்க மாட்டேன்.

அவனுக்குப் பத்தொன்பது வயதானபோது பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். அவன் அப்பா அப்போது இல்லை. நான் நோட்டீஸை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். “எனக்கு எதுக்கும்மா அந்த வேலை? எதிரி வர்ற சத்தமே எனக்குக் கேக்காது. அவன் பாட்டுக்கு வந்து என் தட்டுல சாப்பிட்டுட்டுப் போயிடுவான்” என்று சிரித்தான். நான் வற்புறுத்தவில்லை. ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அவனிடம் பேசும்போது முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். சாப்பிட வா என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துச் சொன்னேன். என் வாய் தெரியாமல் அவனுக்கு நான் சொல்வது ஒன்றும் பிடிபடாது. இருபது நாள் அப்படி இருந்தேன். இருபத்தோராம் நாள் வந்து என் முகவாயைப் பிடித்தான். “சரிம்மா, போறேன். இந்தப் பக்கம் பாரு.”

பார்த்தேன். பிள்ளை கேட்டால் பார்க்காமல் இருப்பேனா.

ஆள் எடுக்கும் இடத்தில் காதுக்கு ஒரு சோதனை உண்டு. டாக்டர் ஆறு அடி பின்னால் நின்று எண்களை மெல்லச் சொல்வார், திரும்பிப் பார்க்காமல் சொல்ல வேண்டும். நாடா கொடுக்க முகாமுக்குப் போய்வருகிறவள் நான், அந்த அறை எனக்குப் பழக்கம். எதிரில் கண்ணாடிக் கதவு போட்ட மருந்து அலமாரி. பின்னால் நிற்கிறவர் வாய் அதில் தெரியும். நான்கு மாதம் இந்தப் பெட்டிக்கு முன்னால் அவனை நிறுத்திப் பின்னால் நின்று எண் சொன்னேன், சத்தமே இல்லாமல். ஏழும் எட்டும் வாயில் ஒன்று போலத் தொடங்கும், எட்டு சட்டென்று முடிந்துவிடும். அதில்தான் தடுமாறினான். கடைசியில் அதுவும் வந்துவிட்டது. சோதனையில் ஒரு எண்கூடத் தப்பவில்லை.

ஏழு மாதம் கழித்து எல்லையிலிருந்து கடிதம் எழுதினான். “அம்மா, வெயில்ல வாயைப் பாத்துச் சமாளிச்சிடறேன். பனி இறங்கினா யார் வாயும் தெரியல. வலது காதும் போயிடுச்சு. நானா சொன்னா பயந்துபோய் நடிக்கிறேன்னு சொல்லுவாங்க. அந்த டாக்டர் சீட்டை மேலதிகாரிக்கு அனுப்பி வை.” அனுப்பிவிட்டேன், இன்றோ நாளையோ வந்து சேரும் என்று பதில் போட்டேன். அனுப்பவில்லை. கொஞ்ச நாளில் பழகிக்கொள்வான் என்று நினைத்தேன். இன்னும் வரவில்லை என்று மறுபடி எழுதினான். தபால் தாமதம் என்று எழுதினேன்.

மூன்றாவது கடிதம் வந்தபோது மனம் கேட்கவில்லை. சீட்டை எடுத்து உறையில் போட்டு, முகவரி எழுதித் தபால் நிலையத்துக்கே போய்விட்டேன். நான் பெற்ற பிள்ளை இல்லையா. வரிசையில் எனக்கு முன்னால் முகாம் எழுத்தர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். சின்னவன் காயம்பட்ட ஒருவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து வந்திருக்கிறானாம், பதக்கத்துக்குச் சிபாரிசு மேலே போய்விட்டதாம். “நாலாவதும் வருதும்மா” என்றார். அவரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், உடம்பில் குறையை மறைத்துப் பொய் சொல்லிச் சேர்ந்தவனுக்குப் பதக்கம் உண்டா என்று. அதெப்படி, சிபாரிசையே கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்றார்.

வரிசையை விட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உறையை அடுப்பில் வைத்தேன். சீட்டு எழுதிய டாக்டர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். எல்லைக்குக் கடிதம் போய்ச் சேர ஒன்பது நாள் ஆகும். நான் உறையை அடுப்பில் வைத்த பன்னிரண்டாம் நாள் காலையில் அங்கே பனி மூடியிருந்தது. சின்னவன் தண்ணீர்க் கேனோடு திரும்பி வந்திருக்கிறான். உன் அண்ணன் காவலில் நின்றிருக்கிறான். மிச்சம் உனக்குத் தெரியும்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அப்போது என்னிடம் இருந்த மூன்றையும் குத்திக்கொண்டு போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். சுவர் ஓரம் பெஞ்சில் உன் அண்ணன். என்னைப் பார்த்து எழுந்து நின்றான். “அம்மா, மூணு தரம் கூப்பிட்டேம்மா. நிக்கவே இல்ல. மூணு தரம்மா.” அவனை உட்காரச் சொன்னார்கள். சட்டையில் மேலிருந்து இரண்டாவது பித்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊசி இருந்தால் தைத்துக் கொடுத்திருப்பேன். அவ்வளவு சின்ன முகம்.

முந்தின வாரம் இரண்டு பேருக்கும் தகராறு நடந்ததை யாரோ சாட்சி சொன்னார்கள். கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போகிறான், அவ்வளவு திமிர் என்று உன் அண்ணன் சின்னவன் சட்டையைப் பிடித்திருக்கிறான். அந்தத் தகராறு எதனால் வந்தது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நடுவில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். “உங்க மகனுக்குக் காது நல்லாக் கேக்குமாம்மா?”

“பாம்புச் செவி சார். இங்க ஊசி விழுந்தா அங்க திரும்பிப் பாப்பான்.”

எழுதிக்கொண்டார்கள். காது கேட்கிறவன் நிற்கவில்லை என்றால் கூப்பிட்டவன் கூப்பிடவே இல்லை என்று ஆகிவிடுகிறது. முன்பகையில் சுட்டான் என்று ஆயுள் தண்டனை போட்டார்கள். அடுத்த மாதம் நான்காவது பதக்கம் வந்தது. அதற்கு நாடா நானே தைத்தேன்.

அழாதே அம்மா. நீ வந்ததும் சொன்னாயே, இதுதான் கடைசி மனு, அப்பா கண்ணை மூடுவதற்குள் அண்ணனைப் பார்த்துவிட வேண்டும் என்று. நீ கேட்பது ஒரே ஒரு வரி, என் மகனுக்குக் காது கேட்காது என்று. உன் அண்ணன் மூன்று தரம் கூப்பிட்டான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அன்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் மனதில் வைத்திருப்பது வேறு, எழுதிக் கொடுப்பது வேறு. நான் எழுதிக் கொடுத்தால் முகாமிலிருந்து ஆள் வந்து நான்காவதை எடுத்துக்கொண்டு போவார்கள். நினைவுக் கல்லிலிருந்து அவன் பெயரைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். பொய் சொல்லிச் சேர்ந்தவன் என்று ஆகிவிடும். அவனா பொய் சொன்னான்?

இது எனக்காக இல்லை. எனக்கு இந்த வயதில் என்ன வேண்டியிருக்கிறது. உன் அண்ணனுக்கு நடையாய் நடக்க நீ இருக்கிறாய். செத்துப்போன என் பிள்ளைக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? தாய் விட்டுக்கொடுக்கலாமா, நீயே சொல்.

வெளியே போய் நீ இதைச் சொல்லலாம். கேட்டு வந்தால் வயசாகிவிட்டது, ஏதோ உளறியிருப்பேன் என்பேன். பாம்புச் செவி என்றுதான் மறுபடியும் சொல்வேன். நான்கு பதக்கம் குத்தியவள் சொல்வதை நம்பாமல் உன்னையா நம்புவார்கள்? வருத்தப்படாதே. உன்னிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பாரத்தை இறக்கி வைக்க எனக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது, வந்து உட்கார்ந்து கேட்டாயே, அந்த நல்ல மனதுக்கு உனக்கு ஒரு குறையும் வராது.

காகிதத்தை மடித்து எடுத்துக்கொள். படியில் பார்த்து இறங்கு. உன் வீட்டில் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அப்பா நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேட்க உன் வீட்டில் எப்போதும் ஓர் ஆள் இருக்கட்டும் அம்மா.