இரண்டாவது பிரேக்கை மிதித்தது

எனக்கு வயது நாற்பத்தாறு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தி வந்தேன். தெருவில் எல்லோருக்கும் நான் மாஸ்டர். பள்ளி கீழ்த்தளத்தில், குடியிருப்பு மாடியில், மனைவியும் நானும் மட்டும். இன்று காலை பதினொன்றேகால் மணிக்கு மருத்துவமனை முனையில் நடந்த மோதல் பற்றி, யாருடைய மிரட்டலும் இல்லாமல், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொல்கிறேன். காவல் நிலைய அதிகாரி எதிரில் உட்கார்ந்திருக்கிறார். சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

வேகமாக ஓட்டியதற்காக இரண்டு முறை பிடிபட்ட பிறகு என் உரிமத்தை இரண்டு வருடத்துக்கு முடக்கினார்கள். அதன் பிறகும் ஓட்டி ஒரு முறை மாட்டினேன், நீதிபதி எச்சரித்து அனுப்பினார். அதன் பிறகு, ஓட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் யார் என்ன செய்துவிட முடியும் என்று பெரிய மேதாவி மாதிரி நினைத்தேன். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. அப்படிச் சொல்லிக்கொடுக்கும்போதும் பிடிபட்டேன். அதில் கால் வைத்திருப்பவனும் ஓட்டுநர்தான் என்று நீதிமன்றம் சொல்லி, திரும்பத் திரும்பச் செய்கிற ஆள் என்பதால் ஆறு மாதம் சிறை விதித்தது.

மேல்முறையீடு போட்டு ஜாமீன் கிடைக்கும்வரை பதினோரு நாள் உள்ளே இருந்தேன். யாரும் அடிக்கவில்லை. ஆனால் அங்கிருந்து வந்ததிலிருந்து வீட்டுக் குளியலறைக்குக்கூடத் தாழ் போட முடிவதில்லை. இரும்புக் கதவு சாத்துகிற சத்தம் எங்கே கேட்டாலும் எழுந்து வாசல் பக்கம் போய்விடுகிறேன். மறுபடி அங்கே போக எனக்குப் பயம். எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் பெடலையும் தொடக்கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. மேல்முறையீட்டு விசாரணை இன்று பிற்பகல் இரண்டரை மணிக்கு.

என் மனைவி உரிமம் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. "உங்ககிட்ட கத்துக்கிட்டா குடும்பம் மிஞ்சாது" என்று சொல்லி வேறு பள்ளியில் போய்ப் படித்தாள். இப்போது மருந்துக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறாள். வீடு நடப்பது அதில்தான். இன்று நீதிமன்றத்துக்கு எங்கள் பயிற்சிக் காரை எடுத்தோம். பக்கத்து இருக்கைப் பெடல்களைக் கழற்றச் சொல்லி மெக்கானிக்கை இரண்டு வாரம் முன்பே கூப்பிட்டிருந்தேன். "கழட்டிட்டா ஸ்கூலே போச்சு மாஸ்டர், தீர்ப்பு வரட்டும்" என்றார். எனக்கும் அது இனித்தது, விட்டுவிட்டேன். கிளம்பும்போது மனைவி, "பின்னாடி உக்காருங்க" என்றாள். "நான் என்ன சவாரியா?" என்று கேட்டுவிட்டு முன்னால் ஏறினேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அதன் பிறகு மருத்துவமனை முனைக்கு வந்தோம். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் நடைபாதை ஓரத்தில் நின்றாள். மனைவி அவளைப் பார்த்துவிட்டாள், வேகத்தையும் குறைத்துக்கொண்டிருந்தாள். அவள் கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்று குனிந்து பார்க்காமலே எனக்குத் தெரியும், பத்தொன்பது வருடத் தொழில். தெரிந்தும், அந்தப் பெண் இறங்கிவிடுவாளோ என்று என் கால் போய்விட்டது. பயத்தில் மிதித்தேன், முழுக்க. கார் அப்படியே நின்றது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த தபால்காரர் மோதி விழுந்தார். கடிதங்கள் எல்லாம் சாலையில் கிடந்தன. "ஏன்யா நடுரோட்டுல நிக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே அழுதார். அந்தப் பெண் நடைபாதையை விட்டு இறங்கவே இல்லை.

நான் இறங்கப் போனேன். மனைவி என் சட்டையைப் பிடித்து, "நான்தான் மிதிச்சேன். இன்னைக்கு கோர்ட்டு, வாயத் திறக்காதீங்க" என்றாள். நான் தலையாட்டினேன். வந்த காவலர், சாலையில் யாருமே இல்லாதபோது எதற்கு அப்படி மிதித்தீர்கள் என்று அவளைக் கேட்டார். "பதறிட்டேன் சார்" என்றாள். எனக்குத் தெரிந்து அவள் எதற்கும் பதறியதில்லை. காவலர் அவள் உரிமத்தை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு இருவரையும் இந்த நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். தபால்காரருக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருப்பதாக மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. வழக்கு அவள் பேரில் வரும், உரிமம் போகும், வேலையும் போகும் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும் நாற்பது நிமிடம் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் பேசட்டும், நான் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அப்போது அவள் என் பக்கம் திரும்பி, "பசிக்குதா? கோர்ட்டுல எவ்வளவு நேரமாகுமோ, ஏதாவது சாப்பிட்டுப் போயிடலாம்" என்றாள். கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இந்த அறைக்கு வந்தேன்.

அதிகாரி என்னிடம், "யோசிச்சுச் சொல்லுங்க. எழுதிட்டா ஜாமீன் போயிடும், அப்பீலும் நிக்காது. ஆறு மாசம்கிறது கூடினாலும் கூடும்" என்று எடுத்துச் சொன்னார். யோசித்தேன். இரண்டு முறை எழுந்து நின்று, இரண்டு முறை உட்கார்ந்தேன். பிரேக்கை மிதித்தது நான்தான். என் மனைவி சரியாகத்தான் ஓட்டினாள்.

இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "பழக்கத்தில் மிதித்தேன்" என்று இருந்தது, அது வக்கீலுக்கு உதவும் என்றார்கள். "பயத்தில் மிதித்தேன்" என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நடந்தது. வெளியே பெஞ்சில் இருக்கும் என் மனைவிக்கு இது இன்னும் தெரியாது. அவள் உரிமத்தை என் கையில் கொடுத்தால், நானே கொண்டுபோய்க் கொடுத்துச் சொல்லிக்கொள்கிறேன்.

(ஒப்பம்)