சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தம்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள்.

"ஆஸ்பத்திரில நல்லா துன்னுட்டு வந்து ரத்தம் குடுன்னாங்கடி," என்றாள் மூத்தவள். "நான் பயந்துகினு ரெண்டு இட்லியோட போனேன். தெனம் துன்றதையே துன்னுட்டு வான்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"வெறும் வயித்துலதானக்கா எடுப்பாங்க?"

"அதுல நார்மல்தான். மறுக்கா நல்லா துன்னுட்டுப் போயி குடுத்ததுலதான், சாப்ட்டு ரொம்ப நேரமாகியும் ரத்தத்துல கொழுப்பு எறங்கலயாம்."

"அதுக்கு இன்னாத்துக்கு சிரிச்சிக்கினு கீற?"

"எங்கப்பாவுக்கு வெறும் வயித்துல மட்டும்தான் பாத்தாங்க. நார்மல்னாங்க. அந்த வருசமே நெஞ்சுவலில பூட்டாரு. எனக்கு முன்னாடியே தெரிஞ்சிபோச்சில்ல. எண்ணெயக் கொறச்சு, தெனம் நடந்தா சரியாயிடும்னு டாக்டர் சொல்றாரு."

இளையவள் கம்பெனிக்கு முந்தைய நிறுத்தத்திலேயே கம்பியைத் தட்டி ஆட்டோவை நிறுத்தினாள்.

"எறங்குக்கா. இங்கேர்ந்து நடந்துடலாம்."