இத்தாலியிலை சாமி காவினவர்

வேண்டாம் தம்பி, தேத்தண்ணி இப்பத்தான் குடிச்சிட்டு வாறன். வெளியிலை ஒட்டியிருக்கிற நோட்டீசையும் வாசிச்சனான். அறுபத்தஞ்சு வயதுக்கு மேலை ஒருத்தரும் சாமியைத் தோளிலை காவக் கூடாது. இன்சூரன்ஸ்காரன் கேக்கிறான், கவுன்சில் கேக்குது, எல்லாம் விளங்குது. நான் கேக்கிறது ஒண்டுதான். வாற ஞாயிறு சாமி வீதி சுத்தேக்கை என்ரை மனுசன் ஒரு தோள் குடுக்கட்டும். நீங்கள் கோயில் செயலாளர். கிருஷ்ணமூர்த்தி நீங்கள் ஓமெண்டால் ஆர் மறுக்கப் போகினம்?

அவருக்கு எழுபத்தொண்டு. சரி, வாற மாசம் எழுபத்திரண்டு. போன வருஷம் இத்தாலியிலை காவினவரல்லோ.

சிரியாதேங்கோ. என்ரை மகள் தர்ஷினியோடை வேலை செய்யிற கத்தரினுக்குத் தாய்வழி ஊர் அங்கை, ஒரு மலையின்ரை உச்சியிலை. எங்களையும் கூட்டிக்கொண்டு போனவள். இத்தாலி உதைபந்திலை உலகக் கோப்பை வெண்ட வருஷம், கொடியெல்லாம் இன்னும் கழட்டாமல் கிடந்தது. ஊரெண்டால், இங்கை கிங்ஸ்பரியிலை எங்கடை றோட்டைத் தூக்கி நெட்டுக்கு நிப்பாட்டின மாதிரி. முழுக்கப் படி. நாலு படிக்கு ஒருக்கால் இவர் நிண்டு காட்சி பாக்கிறார். ஒருநாளும் காட்சி பாக்கிற ஆளில்லை அவர்.

எதிர்ப்படுற சனமெல்லாம் இவரைப் பாத்து, சாவ், சாவ் எண்டுதுகள். இதென்னப்பா, முகத்தைப் பாத்த உடனை செத்துப்போ எண்டுதுகள் எண்டார். அது வணக்கம் சொல்லுறதாம் எண்டு கத்தரின் விளங்கப்படுத்தினாள். எண்டாலும் மூண்டு நாள் ஒருத்தருக்கும் மறுமொழி குடுக்கேல்லை. நாலாம் நாள் பேக்கரிக்காரனைப் பாத்து, நீயும் நல்லாய்ச் சாவு ராசா எண்டார். அவனுக்கு வலு சந்தோசம், ஒரு பாணைச் சும்மா தந்தான்.

ஓமோம், சாமி காவின கதைக்கு வாறன். கடைசி நாள் அவையின்ரை புனிதருக்குத் திருவிழா. காலமை பாத்தால் வீட்டுக்கு வீடு மாடியிலை வடிவான கட்டில் விரிப்பாய்த் தொங்குது. ஊர் முழுக்க ஒரே நாளிலை தோய்க்கினம் போலை எண்டு நானும் இவற்றை சாரத்தைத் தோய்ச்சுத் தொங்கப் போட்டன். பிறகுதான் தெரியும், அது புனிதர் வரேக்கை மரியாதைக்குப் போடுறதாம். பாவம், புனிதர் எங்கடை நீலக்கட்டச் சாரத்துக்குக் கீழாலை வந்தார், சொட்டுச் சொட்டாய் நனைஞ்சுகொண்டு.

வாத்தியம், மணி, வெள்ளை அங்கி போட்ட எட்டுப் பேற்றை தோளிலை சாமி. இவருக்குப் பொறுக்குமே? சப்பாத்தைக் கழட்டினார். பிறகு சேட்டைக் கழட்டினார். சாமி காவுறதெண்டால் வெறும் மேலோடைதானே. சேட்டை இடுப்பிலை சால்வை மாதிரி வரிஞ்சு கட்டிக்கொண்டு, அரோகரா எண்டு உள்ளுக்கை பூந்திட்டார். கறுப்புச் சட்டைக் கிழவியள் முகத்தைப் பொத்திக்கொண்டு விரலுக்குள்ளாலை பாத்தினம். மனுசனுக்கு வெயில் தலைக்கடிச்சிட்டுது எண்டு ஆரோ ஒரு போத்தில் தண்ணியை உச்சியிலை ஊத்திச்சினம். இவர் தீர்த்தமெண்டு கையிலை ஏந்திக் குடிச்சு, மிச்சத்தைத் தலையிலை தடவினார். அதைக் கண்ட பாதிரியாருக்கு மனம் இளகிப் போச்சு. ஒருத்தன்ரை அங்கியைக் கழட்டுவிச்சு இவருக்குப் போட்டுவிட்டார்.

படியிலை எப்பிடித் தூக்கினவரோ? அதைத்தானே சொல்ல வந்தனான். நான் கத்தரின்ரை காதுக்கை ஒண்டு சொன்னன். அவள் ஓடிப்போய்க் கதைச்சாள். பேக்கரிக்காரன் முன்னுக்கு, இன்னொரு நெட்டையன் பின்னுக்கு, இவர் நடுவிலை. நான் பின்னாலை நடந்தனான் தம்பி. சாமி காவுற மரத்துக்கும் இவற்றை தோளுக்கும் இடையிலை நாலு விரல் வெளி. மேலை கோயில் வரைக்கும் அப்பிடித்தான். வந்து, தோளுக்கு எண்ணெய் பூசிவிடு, சரியான பாரம் எண்டார். பூசிவிட்டன்.

உங்களட்டையும் நெட்டைப் பொடியள் இருக்கிறாங்கள். யுவனேஸ்வரனை முன்னுக்கு விடுங்கோ, றஜீவனைப் பின்னுக்கு விடுங்கோ. இன்சூரன்ஸ்காரன் கேட்டால், அந்தக் கிழவர் ஒண்டும் காவேல்லை எண்டு கற்பூரம் அடிச்சுச் சொல்லலாம்.

அடுத்த வருஷம் பாப்பமோ? இல்லைத் தம்பி. ஆஸ்பத்திரியிலை இங்கிலிஷிலை சொல்லுறதை இவருக்கு நான்தான் தமிழிலை சொல்லுறது. போன கிழமை அந்த டொக்டர்ப் பிள்ளை, மார்கழியிலை நத்தார் வரைக்கும் இவர் உயிரோடை இருந்தால் பெரிய காரியம் எண்டு சொல்லிச்சுது. ஆறுதலாய், வடிவாய்த்தான் சொல்லிச்சுது. என்னவாம் எண்டு இவர் கேட்டார். மருந்தை மாத்தப் போகினமாம் எண்டன். அப்ப சாமி காவலாமோ எண்டு கேள் எண்டார். நான் அந்தப் பிள்ளையிட்டை, வெளியிலை மழையோ எண்டு இங்கிலிஷிலை கேட்டன். அது யன்னலைப் பாத்திட்டு ஓமெண்டு தலையாட்டிச்சுது. காவலாமாம் எண்டு சொல்லிப்போட்டன்.