அடித்த கை

வலது மணிக்கட்டு எனக்குக் காலையிலேயே கடுக்கத் தொடங்கிவிடும். பெருவிரலின் அடியில் பிடித்து முழங்கை வரை உள்ளே ஒரு கம்பியை விட்டு இழுக்கிற மாதிரி இருக்கும். பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறேன். எங்கள் பல்கலைக்கழகம் வாங்கியிருக்கும் இணைய அலுவலக மென்பொருளில் மாதத்துக்கு ஒரு புது வசதி வந்து இறங்குகிறது. அதையெல்லாம் ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் சொல்லித் தருவதுதான் இப்போது என் வேலை.

சொல்லித் தருவதில் நான் மோசமில்லை. ஒரே கோப்பில் பல பேர் ஒரே நேரத்தில் எழுதலாம் என்பேன். யார் எழுதுகிறாரோ அவர் பெயர் சின்னக் கொடி மாதிரி எழுத்தோடு கூடவே ஓடும். அழித்ததைத் திரும்ப எடுக்கலாம். கூட்டம் போட வேண்டுமென்றால் யாருக்கு எந்த நேரம் ஓய்வு என்று அதுவே பார்த்துச் சொல்லும். "தூங்குறவங்க பேருக்குப் பக்கத்துலயும் கொடி போடுமா?" என்று யாராவது கேட்பார்கள். சிரிப்பார்கள். கடைசியில் 'பங்களிப்பு' என்ற பொத்தானை அழுத்திக் காட்டுவேன். திரையில் ஒரு வட்டம் விரியும். அந்தக் கோப்பில் யார் எவ்வளவு எழுதினார் என்பதை ஆளுக்கொரு நிறமாகப் பிரித்துக் காட்டும் வட்டம். அதைப் பார்த்ததும் எல்லோரும் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தப் பொத்தானைப் பற்றி வகுப்பில் நான் சொல்லாதது கொஞ்சம் உண்டு. அதை இங்கே சொல்கிறேன்.

அக்கா என்று நான் கூப்பிட்டவர் எனக்கு உறவில்லை. ஒரே ஆய்வுத் திட்டத்தில் இரண்டு பேரும் ஒப்பந்த ஊழியர்கள். ஒரே அறை, எதிரெதிர் மேசை. செங்கல் சூளையில் வேலை செய்பவர்கள் தங்கள் உடம்பு வலியை என்னென்ன சொற்களால் சொல்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. யோசனை அக்காவுடையது. சூளை சூளையாகப் போய்ப் பேசியதும் அவர்தான். குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, இழுக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, மரத்துப்போகிறது என்று ஒவ்வொன்றும் எந்த வேலையால், உடம்பில் எந்த இடத்தில் வருகிறது என்று அவர் பிரித்து வைத்திருந்தார். குடைச்சல் என்று ஒருவர் சொல்லும்போது மருத்துவர் வெறும் 'வலி' என்று எழுதிக்கொள்வதால் எவ்வளவு கெட்டுப்போகிறது என்பதுதான் அவருடைய வாதம்.

நான் சூளையில் பிறந்து வளர்ந்தவன் என்பதால்தான் இந்த வேலைக்கு என்னை எடுத்தார்கள். எங்கள் சூளைக்கு வந்து அம்மாவோடு பேசிப்போன பிறகு, எடுக்கச் சொன்னதும் அக்காதான்.

அவருக்கு முடக்கு வாதம். விரல் முட்டிகள் வீங்கியிருக்கும். காலையில் விரல்கள் பிரியவே பிரியாது. வெந்நீரில் கை வைத்து, ஊசி போட்டு, மதியத்துக்கு மேல்தான் ஒவ்வொன்றாகத் திறக்கும். அப்போது ஒற்றை விரலால் கொஞ்சம் டைப் அடிப்பார். மென்பொருளில் பேசினால் எழுதும் வசதியும் இருந்தது. அதையும் வைத்துப் பார்த்தோம். "எலும்புக்குள்ள குடையுது" என்று அக்கா சொன்னார். "எலும்புக்குள் குடை எது" என்று அது எழுதியது.

அக்கா மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். "பாத்தியா தம்பி, எலும்புக்குள்ள மழை பேயுதாம். கேக்குது பாரு, குடை எங்கன்னு. இது வேலைக்கு ஆவாது. நான் சொல்றேன், நீ அடி."

அன்றிலிருந்து ஆய்வுப் புத்தகத்தை அவர் சொல்வார், நான் அடிப்பேன். சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். பாதி வாக்கியத்தில் நிற்பார். "அழி. அது பொய்யா இருக்கு." மறுபடி சொல்வார். சில நாள் ஒரு பத்திக்கே பொழுது போய்விடும். புள்ளி வைக்கும் இடம்கூட அவர் சொன்னதுதான். சொல்வதைத் தன் கைபேசியில் பதிவு செய்து, எங்கள் பொதுக் கோப்புறையில் போட்டு வைப்பார். விட்டுப்போனதை நான் அதைக் கேட்டுத் திருத்துவேன். எல்லாம் என் கணக்கிலிருந்து, என் விசைப்பலகையில்.

மணிக்கட்டு அப்போது பிடித்ததுதான்.

புத்தகம் முடியும் தறுவாயில் பங்களிப்பு வசதி வந்தது. கணினிப் பிரிவுக்காரர் வந்து விளக்கினார். எதைக் கேட்டாலும் "எல்லாம் மேகத்துல பத்திரமா இருக்கு" என்பதால் அவருக்கு மேகம் என்றே பெயர். மேகம் எங்கள் கோப்பைத் திறந்து பொத்தானை அழுத்தினார். வட்டம் முழுக்க என் நீலம். ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு மஞ்சள்.

"அந்த மஞ்சள் நானா?" என்று கேட்டார் அக்கா. "அடப்பாவி, என்னை வழிச்சுப் போட்டுட்டியேப்பா."

மேகமும் நானும் சிரித்தோம். கூட நின்ற எங்கள் துறைத் தலைவர் சிரிக்கவில்லை. அடுத்த ஆண்டு இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் ஒப்பந்தம் நீடிக்கும், புத்தகமும் அவர் பெயரில்தான் வரும் என்று அந்த வாரமே சொன்னார். குழு ஒன்று பார்த்து முடிவு செய்யுமாம். பாரபட்சம் என்று பேச்சு வரக்கூடாது, இப்போதுதான் கணக்குத் தெளிவாகத் தெரிகிறதே என்றார்.

அக்காவுக்கு அந்த ஒப்பந்தம் வெறும் சம்பளமில்லை. ஊசி விலை அதிகம், அதைக் கொடுத்தது வேலையோடு வந்த மருத்துவக் காப்பீடு. வேலை போனால் ஊசி போகும், ஊசி போனால் கை போகும். இதை அவர் என்னிடம் சொன்னது உண்டு. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லமுடியாது.

"என்ன தம்பி முழிக்கிற? நடந்ததைச் சொல்லப்போறோம், அவ்வளவுதானே. நீதான் இருக்கியே," என்றார்.

"இருக்கேன் அக்கா," என்றேன்.

சூளையில் அப்பா கல் அறுப்பார். அம்மா மண் மிதிப்பார். விடியுமுன் குழியில் இறங்கி, இடுப்பில் கை வைத்து, மண் வெண்ணெய் ஆகும்வரை மிதிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அச்சில் போட்டு அறுக்க முடியும். ஆனால் கணக்கு, அறுத்த கல்லுக்குத்தான். அறுத்தவன் பெயரில்தான். அம்மாவுக்கு எங்கும் பெயரில்லை. அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. சூளையில் எல்லோருக்கும் அதுதான் முறை. எந்தக் கை அச்சிலிருந்து கல்லை இறக்குகிறதோ அந்தக் கையின் கல். நான் இதை அந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். நான் புதிதாக எந்த அநியாயத்தையும் கண்டுபிடிக்கவில்லை.

முதலில் அந்த மஞ்சள். அக்கா ஒற்றை விரலால் அடித்த பகுதிகள் முன்னுரையிலும் கடைசி இயலிலும் இருந்தன. இயல்களை ஒழுங்குபடுத்தும் வேலை என்னுடையது. அந்தப் பத்திகளை வெட்டி, அங்கேயே மறுபடி ஒட்டினேன். ஒட்டியவன் பெயரில் அது சேரும். ஒரு சொல்கூட மாறவில்லை, நிறம்தான் மாறியது. அக்காவின் வாக்கியங்களை நான் அவ்வளவு மதித்தேன்.

அடுத்தது ஒலிப்பதிவுகள். கோப்புறை நான் உருவாக்கியது. அதனால் அழிக்கும் உரிமை எனக்கிருந்தது. அழித்தாலும் கொஞ்ச நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும் என்று மேகம் வகுப்பில் சொல்லியிருந்தார். அதனால் தொட்டியையும் காலி செய்தேன். இடம் நிறைந்துவிட்டதாக எச்சரிக்கை வந்துகொண்டிருந்ததும் உண்மைதான். அக்கா தன் கைபேசியில் வைத்திருக்கவில்லை. மேகத்தில் பத்திரமாக இருக்கும் என்று அழித்துவிட்டிருந்தார்.

குழு கூடும் நேரத்தைக் குறிக்கும் வேலையும் என்னிடம் வந்தது. எல்லோருடைய நாட்காட்டியையும் பார்த்து மென்பொருள் இரண்டு நேரம் காட்டியது: ஒன்று காலை முதல் வேளை, மற்றொன்று பிற்பகல். நான் காலையைக் குறித்தேன்.

ஏன் காலை என்று யாரும் கேட்கவில்லை. அக்காகூட. பேசத்தானே போகிறோம் என்று நினைத்திருப்பார்.

கூட்ட அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கைகளைத் துப்பட்டாவுக்குள் சுற்றி மடியில் வைத்திருந்தார். அவர் சொன்னதைக் குழு பொறுமையாகக் கேட்டது. துறைத் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"இந்தம்மா சொல்லச் சொல்ல நீங்க அடிச்சதா சொல்றாங்க. அப்படியா?"

"அக்கா நிறைய உதவி செஞ்சாங்க சார்," என்றேன்.

இதில் பொய் இல்லை. பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன், பொய் இல்லை.

அக்கா என்னைப் பார்த்தார். நான் பேச்சைத் தொடரப்போகிறேன் என்று காத்திருந்த பார்வை அது. பிறகு அவரே சொன்னார், "பதிவெல்லாம் இருக்கு சார். கோப்புறையைத் திறந்து பாருங்க."

திறந்தார்கள். காலியாக இருந்தது. இடம் நிறைந்தால் அதுவே அழித்துவிடும் போலிருக்கிறது என்று குழுவில் யாரோ சொன்னார்கள்.

"சரி, வேற எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?" என்று குழுவில் ஒருவர் சலித்துக்கொண்டார். புதிதாக ஒரு பக்கம் இங்கேயே எழுதச் சொல்லலாமே, எழுதுகிற கை எதுவென்று தெரிந்துவிடும் என்று நான்தான் சொன்னேன். தாழ்ந்த குரலில், அக்காவுக்கு ஒரு வாய்ப்பு வாங்கித் தருகிறவன் மாதிரி சொன்னேன்.

விசைப்பலகையை அக்காவின் முன்னால் நகர்த்தினார்கள். பெரிய திரையில் வெள்ளைப் பக்கம், அக்காவின் பெயர் எழுதிய சின்ன மஞ்சள் கொடி. துப்பட்டாவிலிருந்து கையை எடுத்தார். விரல்கள் மூடிய மொட்டு மாதிரி ஒட்டிக்கிடந்தன. முட்டியால் ஒரு விசையை அழுத்தினார். ஒரே எழுத்து வரிசையாக ஓடியது. அழிக்கப் போனார், அதுவும் வரவில்லை.

"காலையில விரல் பிரியாது சார். நான் சொல்றேன், யாராவது அடிங்க. இப்பவே, இங்கேயே சொல்றேன்."

"அதுதானம்மா பிரச்சினையே," என்றார் துறைத் தலைவர்.

"தம்பி, நீ அடிப்பா."

நான் எழுந்தேன். உண்மையிலேயே எழுந்தேன். போட்டியில் இருப்பவர் உதவக்கூடாது என்று துறைத் தலைவர் சொன்னார். உட்கார்ந்துவிட்டேன். மஞ்சள் கொடி சிமிட்டிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் அக்கா கேட்டது ஒன்றுதான். "ஏன் தம்பி பாதியில நிறுத்திட்ட?"

"சொன்னேனே அக்கா. அவங்க வட்டத்தைத்தான் பாக்குறாங்க, காதுல வாங்கல."

"ஆமா, எல்லாம் அந்த வட்டம்," என்றார். என் முதுகில் மணிக்கட்டால் தட்டினார். விரலால் முடியாது என்பதால் அப்படித்தான் தட்டுவார். "உனக்காவது கிடைக்கட்டும். நமக்குள்ள யாருக்குக் கிடைச்சா என்ன."

எனக்குக் கிடைத்தது. திட்டம் முடிந்ததும் மென்பொருள் சொல்லித் தரும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். புத்தகமும் வந்துவிட்டது. அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கிறது. நன்றியுரையில் அக்காவை நெஞ்சார நினைவுகூர்ந்திருக்கிறேன், அந்தப் பத்தி மட்டும்தான் நானாக எழுதியது. அம்மாவுக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "இது நீ பேசுற மாதிரியே இல்லயேடா. அந்தப் பொண்ணு பேசுற மாதிரியில்ல இருக்கு," என்றார். கூடவே வேலை செய்தால் பேச்சு ஒட்டிக்கொள்ளும் என்றேன். அம்மா தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

அக்காவின் வீட்டுக்கு இப்போதும் போகிறேன். ஊசி நின்ற பிறகு விரல்கள் மதியத்திலும் திறப்பதில்லை. இடது கையின் மூன்று விரல் உள்ளங்கையோடு மடிந்து அப்படியே நின்றுவிட்டன. தட்டை மடியில் வைத்துக் கரண்டியை இரண்டு கைக்கும் நடுவே இடுக்கிச் சாப்பிடுகிறார். நான் ஊட்டிவிட்டும் இருக்கிறேன். தன் தம்பிகூட இப்படிப் பார்த்துக்கொள்ளமாட்டான் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்.

அங்கே போன ஒரு நாள் அக்கா கேட்டார். "தம்பி, மேல ஒரு மனு போடலாம்னு இருக்கேன். உன் மேல ஒண்ணும் இல்ல. உன் வேலைக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது. கை முடியாதவங்க சொல்லி எழுதுனாலும் அது அவங்க எழுத்துதான்னு அந்த வட்டத்துக்குத் தெரியணும். எனக்கு ஊசி திரும்ப வரணும். நான் சொல்றேன், நீ அடி."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நான் அடித்தேன். இந்தமுறை அவருடைய கணக்கில், அவர் தந்த கடவுச்சொல்லைப் போட்டு. ஒரு எழுத்தை மாற்றவில்லை. "அழி, அது கெஞ்சுற மாதிரி இருக்கு," என்ற இடத்தில் அழித்தேன். அப்படியொரு மனுவை நான் படித்ததில்லை. யார் படித்தாலும், அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை என்று தெரிந்துவிடும்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன் அக்கா."

போகும்போதெல்லாம் பதில் வந்ததா என்று கேட்கிறார். மேலே போயிருக்கிறது, நேரமாகும் என்கிறேன். "ஆவட்டும், ஆபீஸ்னா அப்படித்தான்," என்று என்னையே தேற்றுகிறார். நான் பழம் உரித்துக் கொடுக்கிறேன், துணி மடித்து வைக்கிறேன், விளக்கைப் போட்டுவிட்டு வருகிறேன். ஒரு மனிதனால் இதற்குமேல் என்ன செய்யமுடியும் என்று படியிறங்கும்போது தோன்றும்.

மனு அனுப்புவதற்கான கெடு இன்னும் முடியவில்லை. அக்காவின் மனுவை நான் இன்னும் அனுப்பவில்லை. அது என்னிடம் பாக்கி இருக்கிறது.